பத்த வைக்காதே தம்பி... போல்ட்டு போடு!

விடியற்காலை ஐந்தரை மணிக்குப் பெரம்பலூரிலிருந்து அரியலூர் போகிற ரோட்டில் ஏதாவது ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து பாருங்கள். பனிக்குள்ளிருந்து ஒரு மோட்டார் சைக்கிள் வரும். ஹெட்லைட் பாதி உயிரோடு இருக்கும். இரண்டு பக்கமும் அலுமினிய பால் கேன்கள் ஆடாமல் அசையாமல் தொங்கும். ஓட்டுகிறவர் தலையில் மஃப்ளர். ஒரு கையை விட்டுவிட்டு யாருக்கோ 'என்ன மாமா, பால் வேணுமா?' என்று சைகை காட்டிக்கொண்டே வளைவில் திரும்புவார்.

கொஞ்சம் கணக்குப் போடலாமா? 40 லிட்டர் கேன். பால் தண்ணீரைவிடக் கொஞ்சம் கனம், ஆக 41 கிலோ. கேனின் எடை ஏழெட்டுக் கிலோ. இரண்டு கேன் சேர்ந்தால் கிட்டத்தட்ட 100 கிலோ! கம்பெனிக்காரன் இந்த வண்டியை வடிவமைத்தபோது இப்படி ஒரு காட்சியை கெட்ட சொப்பனத்தில்கூடப் பார்த்திருக்கமாட்டான். (அவ்வளவு ஏற்றுவது சரியா என்றால், சரியில்லைதான். அது வேறு பஞ்சாயத்து.) நாம் பார்க்க வேண்டியது அந்தக் கேனைத் தாங்குகிற கம்பிச் சட்டத்தை. அது எந்த ஷோரூமிலும் கிடைக்காது. உள்ளூர் வெல்டிங் பட்டறையில், சாக்பீஸால் தரையில் படம் போட்டுச் செய்தது.

இப்போது நம்ம ஆபீஸ் கதைக்கு வருவோம்.

வெள்ளிக்கிழமை சாயந்திரம். நாலு நாள் லீவு சேர்ந்தாற்போல வருகிறது. 'மச்சான், பைக்லயே கொல்லிமலை போயிட்டு, அப்படியே ஒரு ரவுண்டு அடிச்சிட்டு வரலாம்டா!' என்று ஒருவன் திரி கொளுத்துவான். உடனே பெட்டி மாட்ட ஸ்டாண்டு, கண்ணாடி, எக்ஸ்ட்ரா லைட்டு, குஷன் சீட்டு என்று பட்டியல் நீளும். கடையில் விலை கேட்டால் மாதச் சம்பளத்தில் ஒரு துண்டு போய்விடும். அப்போதுதான் அந்த வசனம் பிறக்கிறது: 'நம்மளே செஞ்சா என்னடா?'

தாராளமாகச் செய்யலாம். இந்த ஆசை ஒன்றும் புதிதல்ல. கோவை பக்கம் கலங்கல் கிராமத்தில் 1893-ல் பிறந்த ஜி.டி.நாயுடு, இளவயதில் ஒரு வெள்ளைக்கார அதிகாரி ஓட்டிவந்த ரட்ஜ் மோட்டார் சைக்கிளைப் பார்த்து மயங்கிப் போனார். ஓட்டலில் வேலை பார்த்துக் காசு சேர்த்து அதே வண்டியை விலைக்கு வாங்கினார். வாங்கியவர் என்ன செய்தார்? ஊர்சுற்றப் போகவில்லை. மொத்த வண்டியையும் கழற்றித் தரையில் பரப்பினார், மறுபடி மாட்டினார். தமிழ்நாட்டின் பெரிய இன்ஜினீயரிங் மூளைகளில் ஒன்று அப்படித்தான் ஸ்டார்ட் ஆனது.

அமெரிக்காவில் கிரெய்க் வெட்டர் என்று ஒரு மனிதர். 1966-ல் மோட்டார் சைக்கிளுக்குக் காற்றுத்தடுப்பு செய்ய ஆரம்பித்தார். 1971-ல் 'விண்ட்ஜாம்மர்' என்று ஒன்றை இறக்கினார். பல கம்பெனி வண்டிகளுக்கும் பொருந்துகிற மாதிரி அமைப்பு. ஹோண்டா 1975 மாடலாக 'கோல்டு விங்' என்ற தூரப்பயண வண்டியைக் கொண்டுவந்தபோது அதில் கண்ணாடியும் கிடையாது, பெட்டியும் கிடையாது. மொட்டை வண்டி! வாங்கியவர்களே ஆளுக்கொரு விதமாக மாட்டிக்கொண்டார்கள். இதைப் பார்த்துக்கொண்டே இருந்த ஹோண்டா, 1980-ல் காற்றுத்தடுப்பும் பெட்டிகளும் தானே பொருத்தி விற்க ஆரம்பித்தது. ஓட்டுகிறவன் முதலில் செய்கிறான். கம்பெனி பிறகு பில் போடுகிறது.

நம்ம ஊர் சேலை கார்டை எடுத்துக்கொள்ளுங்களேன். ஒரு பக்கமாக உட்கார்ந்து வருகிற பெண்ணின் முந்தானை சக்கரத்தில் சிக்கக்கூடாது என்று மாட்டுகிற அந்தக் கம்பி வலைதான். இன்று மத்திய மோட்டார் வாகன விதி 123 என்ன சொல்கிறது தெரியுமா? பின்னால் உட்காருபவருக்குப் பிடிமானம் வேண்டும், கால் வைக்க இடம் வேண்டும், பின்சக்கரத்தின் பாதியையாவது மூடுகிற தடுப்பு வேண்டும்! 'அசிங்கமா இருக்கு' என்று அதைக் கழற்றிப் பரணில் போடுகிற அழகு ரசிகர்கள் இதைக் கொஞ்சம் குறித்துக்கொள்ளவும்.

சரி, பட்டறைக்குப் போவோம்.

பெரம்பலூர், அரியலூர் பக்கத்தில் இதற்குக் குறைச்சலே இல்லை. ஒரு பக்கம் சோளமும் பருத்தியும் சின்ன வெங்காயமும் விளைகிற காடு. அதற்கு டிராக்டர், டிரெய்லர், கலப்பை. இன்னொரு பக்கம் சிமெண்ட் ஆலைகளும் சுண்ணாம்புக்கல் சுரங்கங்களும். அதற்கு லாரி, லாரி, மேலும் லாரி. நடுவில் திருச்சி - சென்னை நெடுஞ்சாலை. இவ்வளவும் ஓடுகிற ஊரில் லேத்தும் வெல்டிங்கும் இல்லாமல் எப்படி? லாரி சேஸிஸில் விரிசல் பார்த்த கண், உங்கள் பைக்கை ஒரு பார்வை பார்க்கும். கொஞ்சம் பரிதாபமான பார்வைதான்!

அங்கே போய், 'அண்ணே, இதுக்கு ஒரு ஸ்டாண்டு அடிச்சுக் குடுங்க' என்று மட்டும் சொல்லாதீர்கள். அவருக்குத் தெரிந்த ஒரே ஸ்டாண்டு பால் கேன் ஸ்டாண்டாக இருந்தால், அதுதான் வந்து சேரும். முந்தின ராத்திரியே வீட்டில் ஒரு அட்டைப்பெட்டியைக் கிழித்து, வண்டியில் வைத்துப் பார்த்து, மாதிரி வெட்டிக்கொள்ளுங்கள். இண்டிகேட்டர் மறைகிறதா, கிக்கர் இடிக்கிறதா, சைலன்சருக்கு மேலே எவ்வளவு இடைவெளி, பின் ஷாக் அப்சார்பர் அழுந்தும்போது சக்கரம் எங்கே வரும்... எல்லாம் அட்டையிலேயே தெரிந்துவிடும். அட்டையைத் திருத்தக் கத்தரிக்கோல் போதும். இரும்பைத் திருத்தக் காசு வேண்டும்.

வளைந்த பைப் வேண்டுமென்றால் வேடிக்கை பார்ப்பதற்கென்றே நிற்கலாம். சும்மா வளைத்தால் பைப் மடங்கி நசுங்கிவிடும். அதனால் உள்ளே மணலைக் கெட்டியாக நிரப்பி, இரண்டு முனையிலும் மரக்கட்டை அடித்து மூடி, பழுக்கக் காய்ச்சி வளைப்பார்கள். மணல் எலும்பு மாதிரி உள்ளே நின்று வடிவத்தைக் காப்பாற்றும். ஒரே ஒரு நிபந்தனை: மணல் காய்ந்திருக்க வேண்டும். ஈரம் இருந்தால் உள்ளே ஆவி சேர்ந்து கட்டை பீரங்கிக் குண்டு மாதிரி பறக்கும். அப்புறம், தண்ணீர்க் குழாய்க்குப் போட்டு மிச்சமிருக்கிற ஜி.ஐ. பைப்பைத் தூக்கிக்கொண்டு போகாதீர்கள். அதன் மேல்பூச்சு துத்தநாகம். பற்ற வைக்கும்போது வருகிற புகை, வெல்டருக்கு ராத்திரி காய்ச்சலைக் கொண்டுவரும். உங்கள் டூருக்கு அவர் ஏன் போர்வை போர்த்திக்கொள்ள வேண்டும்? சாதாரணக் கறுப்பு இரும்புப் பைப்பே போதும்.

இனிதான் முக்கியமான கட்டம்.

'போல்ட்டெல்லாம் எதுக்கு சார்? சேஸிஸோட வெச்சு ரெண்டு பத்து பத்தினா ஜென்மத்துக்கும் அசையாது' என்று யாராவது சொல்வார்கள். சொல்கிறவர் நல்லவர்தான். ஆனால் அங்கேதான் நீங்கள் கையைப் பிடித்துத் தடுக்க வேண்டும்.

ஏன்? வண்டியின் சேஸிஸ் மெல்லிய குழாய். அதில் வெல்டிங் சூடு ஏறினால், பற்றுக்கு ஒட்டினாற்போல் இருக்கிற இரும்பின் குணமே மாறிப்போகும். ரோட்டில் அதிர்வு இரவும் பகலும் அந்த இடத்தையே குத்திக்கொண்டிருக்கும். என்றைக்காவது விரிசல் விழும். பற்று உடையாது, பற்றுக்குப் பக்கத்தில்தான் உடையும். அதாவது ஸ்டாண்டு பிழைத்துக்கொள்ளும், வண்டி போய்விடும்! போல்ட்டு போட்ட ஸ்டாண்டு என்றால், உடைந்தாலும் உடைவது ஸ்டாண்டு. கயிற்றைப் போட்டுக் கட்டிக்கொண்டு ஊர் வந்து சேரலாம். பின்னால் உட்கார்ந்திருப்பது உங்கள் தம்பியோ, மனைவியோ என்று வைத்துப் பாருங்கள். எது உடைய வேண்டும் என்பதில் உங்களுக்குச் சந்தேகமே வராது.

இன்னொரு சங்கதி. 2020 ஏப்ரலில் பி.எஸ்.6 வந்த பிறகு பெரும்பாலான வண்டிகளில் பெட்ரோல் போவதையே ஒரு சின்ன கம்ப்யூட்டர்தான் தீர்மானிக்கிறது. வண்டியில் வெல்டிங் ராடை வைத்தால் அந்தப் பெட்டிக்கு என்ன ஆகும் என்பது முருகனுக்கே வெளிச்சம். ஆகவே ஸ்டாண்டைத் தனியாகத் தரையில் வைத்துப் பற்ற வைக்கட்டும். வண்டிக்கும் அதற்கும் உறவு போல்ட்டு வழியாக மட்டும்! சீட் பிடிமானம், ஷாக் அப்சார்பர் மேல் போல்ட்டு, மட்கார்டு போல்ட்டு என்று கம்பெனியே ஓட்டை போட்டுத் தந்திருக்கிற இடங்களைப் பிடியுங்கள். புதிதாக டிரில் போட்டு சேஸிஸில் ஓட்டை போடுவதும் பற்ற வைப்பதற்குச் சளைக்காத பாவம்.

போல்ட்டிலும் ஜாதகம் உண்டு. தலையில் 8.8 என்று எண் குத்தியிருப்பது உறுதியானது. வழவழவென்று மொட்டைத் தலையோடு இருப்பது பீரோவுக்கு ஆகும். உள்ளே நைலான் வளையம் வைத்த நைலாக் நட்டு போட்டால் அதிர்வில் சீக்கிரம் கழலாது.

கிளாம்ப் லூசாக இருந்தால் நடுவில் தகட்டுத் துண்டு பேக்கிங் வைப்போமே, அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ராபர்ட் பிர்சிக் என்ற அமெரிக்கர், மகனை பின்னால் உட்கார வைத்துக்கொண்டு 1968-ல் போன பைக் பயணத்தை வைத்து, 1974-ல் 'ஜென் அண்ட் தி ஆர்ட் ஆஃப் மோட்டார்சைக்கிள் மெயின்டனன்ஸ்' என்று புத்தகம் எழுதினார். அதில் கூட வருகிற நண்பரின் பி.எம்.டபிள்யூ வண்டியில் ஹேண்டில்பார் நழுவுகிறது. 'ஒரு பீர் டின்னை வெட்டித் தகடு வைத்தால் சரியாகிவிடும்' என்கிறார் இவர். நண்பருக்கு முகம் சுண்டிவிடுகிறது. என் பி.எம்.டபிள்யூவுக்கு பீர் டின்னா! நம்ம பட்டறைக்காரர் அங்கே இருந்திருந்தால், யோசனையே கேட்காமல் டின்னை வெட்டியிருப்பார்.

பெட்டி எங்கே உட்கார வேண்டும் என்பதற்குத்தான் பால்காரரிடம் டியூஷன் போக வேண்டும். அவருடைய கேன் எங்கே தொங்குகிறது? சீட்டு மட்டத்துக்குக் கீழே, பின்சக்கர அச்சுக்கு ஒட்டினாற்போல், இரண்டு பக்கமும் சமமாக. நம்ம ஆட்கள் எங்கே கட்டுகிறார்கள்? சீட்டுக்குப் பின்னால், வால் மாதிரி நீட்டிக்கொண்டு, கோபுரமாக! பின் அச்சிலிருந்து 40 சென்டிமீட்டர் பின்னால் 20 கிலோ பையை வைக்கிறீர்கள் என்று வையுங்கள். இரண்டு சக்கரத்துக்கும் நடுவே 130 சென்டிமீட்டர் இருந்தால், முன்சக்கரத்தின் மேலிருந்து 6 கிலோ குறைந்துபோகும். ஏற்றப்பலகை விளையாட்டுத்தான். முன்பக்கம் லேசானால் ஹேண்டில் லேசாக ஆட ஆரம்பிக்கும். நாற்பதில் தெரியாது. எண்பதில், எதிரே லாரி வரும்போது, காற்று அடிக்கும்போது தெரியும். அப்போது தெரிந்து என்ன பிரயோசனம்? கனமான சாமான் கீழே, முன்னே. போர்வை, துண்டு, ஊறுகாய்ப் பொட்டலம் இல்லாத பை... அதெல்லாம் மேலே.

பெட்டிக்கு என்ன செய்வது? இருபது லிட்டர் பிளாஸ்டிக் கேன் இரண்டை வாங்கி, ஒரு பக்கத்தை வெட்டிக் கீல் வைத்தால் மழை புகாத பக்கப்பெட்டி தயார். வெளிநாட்டில் தூரப்பயணம் போகிறவர்களும் இந்த வித்தையைச் செய்கிறார்கள். நம்ம பக்கம் ஒரே எச்சரிக்கை: பருத்திக்காட்டில் சும்மா கிடக்கிறதே என்று பூச்சிமருந்து இருந்த கேனைத் தூக்கி வந்துவிடாதீர்கள். எத்தனை தரம் கழுவினாலும் அதில் உங்கள் இட்லிப் பொட்டலத்துக்கு இடமில்லை.

டூல்ஸ் வைக்க நாலு அங்குல பி.வி.சி. பைப்பில் ஒரு அடி, ஒரு பக்கம் மூடி, மறுபக்கம் திருகு மூடி. அதற்குமேல் வேறு எதுவும் வேண்டாம். சைலன்சர் பக்கத்தில் மட்டும் மாட்டாதீர்கள். அந்தச் சூட்டில் பி.வி.சி. வாழைப்பழம் மாதிரி வளைந்துவிடும். கட்டுவதற்கு சைக்கிள் டியூபை நீளவாக்கில் வெட்டிய ரப்பர் பட்டை. இதைக் கண்டுபிடித்தவர் பெயர் தெரிந்தால் சிலை வைக்கலாம். ஆனால் முனை தொங்கக்கூடாது. தொங்குகிற முனை பின்சக்கரத்தில் சுற்றினால், பையும் நீங்களும் வெவ்வேறு ஊருக்குப் போவீர்கள்.

சீட்டு விஷயத்தில் எல்லோருக்கும் ஒரு மயக்கம் உண்டு. மெத்துமெத்தென்று பஞ்சு வைத்தால் சுகம் என்று நினைப்பு. கடையில் உட்கார்ந்து பார்க்கும்போது சுகம்தான். நூறு கிலோமீட்டரில் பஞ்சு அமுங்கி, எலும்பு நேரே தகட்டில் உட்காரும். குஷன் கடைக்காரரிடம் அடியில் கெட்டி ஃபோம், மேலே ஒரு அங்குலம் மட்டும் மெத்தை என்று கேளுங்கள். அகலமாகவும் சமமாகவும் இருந்தால் போதும். மேலே ரெக்சினில் தையல் நடுவில் வராமல் பார்த்துக்கொள்ளுங்கள். மழையில் தண்ணீர் இறங்குவதும் அங்கேதான், உறுத்துவதும் அங்கேதான்.

முன் கண்ணாடிக்கு, போர்டு எழுதுகிற கடையில் கிடைக்கிற அக்ரிலிக் ஷீட்டை வளைத்து மாட்டுகிற ஆசாமிகள் உண்டு. பளபளவென்றுதான் இருக்கும். ஆனால் அடிபட்டால் கத்தி கத்தியாக உடையும், அதுவும் உங்கள் முகத்துக்கும் கழுத்துக்கும் நேரே. ஹெல்மெட் கண்ணாடிக்குப் பயன்படுகிற பாலிகார்பனேட் அப்படி உடையாது. கொஞ்சம் விலை கூடத்தான். அதைப் பெட்ரோல் போட்டுத் துடைக்காதீர்கள், நுண்ணிய விரிசல் விழும். சோப்புத் தண்ணீர் போதும்.

எக்ஸ்ட்ரா லைட்டு பைத்தியத்துக்கும் ஒரு கணக்கு. 55 வாட் பல்பு இரண்டு என்றால் 110 வாட். 12 வோல்ட்டுக்கு 9 ஆம்பியருக்குமேல் இழுக்கும். சின்ன வண்டியின் ஆல்டர்னேட்டர் மொத்தமாகச் சம்பாதிப்பதே பெரும்பாலும் அதைச் சுற்றித்தான். வருகிற சம்பளம் முழுக்க வாடகைக்கே போனால் குடும்பம் எப்படி நடக்கும்? காலையில் பேட்டரி செத்திருக்கும். சின்ன எல்.இ.டி. போதும். பேட்டரிக்குப் பக்கத்திலேயே ஃபியூஸ், நடுவில் ஒரு ரிலே. ஒயரை ஹேண்டில் திரும்புகிற இடத்தில் இறுக்கிக் கட்டாமல் கொஞ்சம் தளர விட வேண்டும்.

அதைவிட முக்கியம் பின் லைட்டு. ராத்திரியில் சுண்ணாம்புத் தூசி மூடின ரோட்டில், பின்னால் வருகிற லாரிக்காரருக்கு உங்கள் பெட்டி தெரியாது, நீங்களும் தெரியமாட்டீர்கள். சிவப்பு வெளிச்சம்தான் தெரியும். அதையும் பையால் மூடிவிட்டுப் போகிறவர்களை என்ன சொல்வது? பெட்டியின் முதுகில் சிவப்பு ரிஃப்ளெக்டர் ஸ்டிக்கர் ஒட்டுங்கள். நீங்கள் போடுகிற செலவிலேயே மலிவானது அதுதான். நம்பர் பிளேட்டும் மறையக்கூடாது. டிஎன் 46-ஆ, டிஎன் 61-ஆ என்று போலீஸ்காரர் குனிந்து தேடினால், அவர் நிமிரும்போது முகம் வேறு மாதிரி இருக்கும்.

சட்டத்தையும் இங்கேயே முடித்துவிடுவோம். 2020-ல் மத்திய அரசு பைக் பெட்டிக்கு அளவு சொன்னது: நீளம் 550, அகலம் 510, உயரம் 500 மில்லிமீட்டருக்கு மேல் போகக்கூடாது. பின்னால் ஆள் உட்காருகிற இடத்தில் பெட்டி வைத்தால் ஓட்டுகிறவர் மட்டும்தான். அந்த இடத்துக்குப் பின்னால் வைத்தால் இன்னொருவர் வரலாம். ஆர்.சி. புத்தகத்தில் உள்ள கம்பெனி அமைப்புக்கு மாறாக வண்டியையே திருத்தினால், மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு குறுக்கே நிற்கும். 2019 திருத்தத்துக்குப் பிறகு, அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை உள்ளே, அல்லது இரண்டுமே. வெடி வெடிக்கிற சைலன்சர் மாட்டி ஊரை எழுப்புகிற அன்பர்களுக்கு இந்த வரி சமர்ப்பணம்.

எல்லாம் மாட்டியாச்சா? உடனே கொல்லிமலைக்குக் கிளம்பாதீர்கள். பெட்டிகளில் மணல் மூட்டை போட்டு, உள்ளூரிலேயே ஒரு ஒத்திகை பாருங்கள். ஒவ்வொரு நட்டின் மேலும் பக்கத்து இரும்பின் மேலும் சேர்த்து, வீட்டில் இருக்கிற நெயில் பாலிஷால் ஒரு கோடு. (உரிமையாளரிடம் கேட்டுவிட்டு எடுப்பது உத்தமம்.) நட்டு கழன்றால் கோடு பிளந்து காட்டிக்கொடுத்துவிடும்.

ஒத்திகைக்கு எங்கே போவது? பெரம்பலூரிலிருந்து சாத்தனூர் கல்மரம். 18 மீட்டர் நீளத்தில் ஒரு மரம், கல்லாகிக் கிடக்கிறது. ஏறக்குறைய 12 கோடி வருஷத்துப் பழசு என்கிறார்கள். மரத்தின் பாகங்களை நுணுக்கமாக எடுத்துவிட்டு, அதே இடத்தில் அதே அளவில் கல்லைப் பொருத்தியிருக்கிறது இயற்கை. இதைவிட நிதானமான கஸ்டம் வேலை உலகத்தில் இருக்கிறதா? அப்படியே காரை பக்கம் போனால் ஒரு காலத்தில் கடலாக இருந்த செம்மண் பள்ளங்கள். அங்கிருந்து அரியலூர், ஜெயங்கொண்டம் தாண்டி கங்கைகொண்ட சோழபுரம். நல்ல ரோடு, மோசமான ரோடு, ரோடே இல்லாத ரோடு என்று மூன்று பாடமும் ஒரே நாளில் நடந்துவிடும். லாரித் தூசியில் போய் வந்தால் ஏர் ஃபில்டரையும் செயினையும் சுத்தம் செய்யுங்கள்.

ஐம்பது கிலோமீட்டரில் ஒரு மரநிழலில் நிறுத்தி, கோடுகளைப் பாருங்கள். ஸ்டாண்டைக் கையால் பிடித்து ஆட்டிப் பாருங்கள். பிறகு பின்னால் வரப்போகிறவரை ஏற்றி உட்கார வைத்து, 'முழங்கால் இடிக்குதா? கை பிடிக்க இடம் இருக்கா?' என்று கேளுங்கள். அவர் சும்மாவாவது 'பரவாயில்ல' என்பார். அதை நம்பாதீர்கள். இறங்கச் சொல்லி, நீங்களே பின்னால் ஏறி, அவரை ஓட்டச் சொல்லி அரியலூர் வரைக்கும் போய்ப் பாருங்கள்.